எச்-இண்டெக்ஸைக் கேட்கும் முன் ஒரு பேப்பரைப் படியுங்கள்

புதுச்சேரி, கடலூர் வட்டாரக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உதவிப் பேராசிரியர் தேர்வுக் குழுக்களில் உட்காரும் பெரியோர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நானும் உங்களோடு அந்த நீள மேஜையில் உட்காருகிறவன்தான். மூலக்கூறு உயிரியல் நடத்துகிறேன். காலாப்பட்டிலிருந்து சிதம்பரம் வரை இந்தக் கரையோரத்தில் உயிரியல் சம்பந்தப்பட்ட நேர்காணல் எங்கே நடந்தாலும், வெளி நிபுணர் என்று கூப்பிடக் கொஞ்சம் பேர்தான் இருக்கிறோம். சுற்றிச் சுற்றி அதே முகங்கள்தான். காலையில் டிபன், பதினொரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும், மதியம் சாப்பாடு, சாயங்காலம் பயணப்படிப் படிவத்தில் கையெழுத்து. நடுவில் சில பிள்ளைகளின் அடுத்த முப்பது வருடத்தை முடிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அந்த நடுவில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் விண்ணப்பப் படிவத்தில் மொத்த ஆய்வுப் பேப்பர், மொத்த சைட்டேஷன் (மற்றவர்கள் தங்கள் பேப்பர்களில் அவற்றை மேற்கோள் காட்டிய எண்ணிக்கை), எச்-இண்டெக்ஸ், கூட்டு இம்பாக்ட் ஃபேக்டர் (இந்த இரண்டையும் பின்னால் விளக்குகிறேன்) என்று வரிசையாக நான்கு கட்டங்கள் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிடுங்கள். விண்ணப்பிக்கிறவர் தன்னுடையவற்றில் சிறந்தவை என்று நினைக்கும் ஐந்து பேப்பர்களைக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் தன் கைபட என்ன செய்தார் என்று பத்து வரி எழுதச் சொல்லுங்கள். நேர்காணலுக்கு ஒரு வாரம் முன்பே அவற்றை எங்களுக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு வருகிறோம்.

எந்த நிறுவனம் என்பது வேண்டாம், ஒரு நேர்காணலில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு இடத்துக்கு இரண்டு பேர் கடைசிச் சுற்றில் நின்றார்கள். ஒரு பெண், மரக்காணம் உப்பளங்களில் வேலை செய்தவர். வெயில் ஏற ஏற உப்புப் பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறுவதைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற எல்லோரும் பார்த்திருப்போம். அந்த நிறத்துக்குக் காரணமான நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் மரபணு வரிசையைப் படித்து, ஜென்பேங்க் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றியிருந்தார். பேப்பர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இன்னொருவர் ஒரு இளைஞர். ஐந்து ஆண்டுகளில் அறுபது பேப்பர் பக்கம். பச்சிலைச் சாற்றில் வெள்ளி நானோ துகள், மீன் குடல் பாக்டீரியா, புற்றுநோய் மருந்து, மெஷின் லேர்னிங் என்று எல்லாத் துறையிலும் கால் வைத்திருந்தார்.

தலைமை வகித்தவர் போனில், ஒருவரின் பேப்பர்களையும் சைட்டேஷனையும் எண்ணிக் காட்டும் கூகுள் ஸ்காலர் தளத்தைத் திறந்தார். பெருவிரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். அந்தப் பெண்ணிடம் முதல் கேள்வி: "உங்க எச்-இண்டெக்ஸ் வெறும் மூணுதானேம்மா?" அவர் "ஆமாம் சார்" என்றார். வேறு என்ன சொல்வார்?

என் முறை வந்தபோது, பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை) எப்போது ஒத்துழைக்கவில்லை என்று கேட்டேன். அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது. உப்பில் வாழும் அந்தச் செல்களைச் சாதாரணத் தண்ணீரில் போட்டாலே வெடித்துவிடும், அதனால் டிஎன்ஏ எடுப்பது சுலபம், ஆனால் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் உப்பு பிசிஆர் நொதியை முடக்கிவிடும் என்றார். மாதக்கணக்கில் ஜெல்லில் பேண்ட், அதாவது நகலெடுப்பு நடந்ததைக் காட்டும் கோடு, வரவில்லையாம். நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமரைச் சந்தேகப்பட்டு மாற்றினார், வரவில்லை. வெப்பநிலையை மாற்றினார், வரவில்லை. கடைசியில் டிஎன்ஏ மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்துப் போட்டார், பேண்ட் வந்தது. டிஎன்ஏ குறைந்தாலும் உப்பும் சேர்ந்து குறைந்துவிட்டதே! இதைச் சொல்லிவிட்டு, "டிஎன்ஏ போடாத கன்ட்ரோல் லேனில் ஒண்ணுமே இல்லைங்கிறதையும் பார்த்துட்டுத்தான் சார் நம்பினேன்" என்று சேர்த்துக்கொண்டார். ஒரு ஆராய்ச்சியாளரிடம் எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

இளைஞரிடம், அவர் பெயர் முதலில் இருந்த பேப்பரையே எடுத்து, பிசிஆரில் பிரைமர் ஒட்டும் வெப்பநிலையை ஏன் 58 டிகிரி வைத்தீர்கள் என்று கேட்டேன். "அதை கோ-ஆதர் பார்த்துக்கிட்டார் சார்." பிரைமரை யார் வடிவமைத்தது? "அதுவும் அவர்தான் சார்." சரி, அந்த கோ-ஆதர் எங்கே இருக்கிறார்? ஏதோ ஒரு நாட்டின் பெயரைச் சொன்னார். நேரில் பார்த்ததில்லையாம்.

வேலை அவருக்குத்தான் போனது. நான் மறுப்பு எழுதிக் கொடுத்தேன், அது கோப்பில் இருக்கும். அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபமில்லை. நாம் எதை எண்ணுகிறோமோ அதைத்தானே அவர் சேர்த்துக்கொண்டு வந்தார்?

எச்-இண்டெக்ஸ் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் குழுவில் வேறு துறைக்காரர்களும் நிர்வாகத்தரப்பினரும் இருப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் சொன்ன கணக்கு இது. ஒருவருடைய பேப்பர்களில் பத்து பேப்பர்கள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை சைட் ஆகியிருந்தால் எச்-இண்டெக்ஸ் 10. பதினோராவது பேப்பருக்குப் பதினொன்று கிடைக்காதவரை அது 10-லேயே நிற்கும். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். வாழ்நாளில் மூன்றே பேப்பர் எழுதி, ஒன்றுக்கு 900, ஒன்றுக்கு 400, ஒன்றுக்கு 150 சைட்டேஷன் வாங்கியவரின் எச்-இண்டெக்ஸ் 3. சுமாரான பத்து பேப்பருக்குத் தலா பத்து வாங்கியவருக்கு 10. முன்னவர் ஒரு துறையையே திருப்பிப்போட்டிருக்கலாம், ஆனால் நம் கட்டத்தில் அவர் மூன்றுதான்.

ஒரே எண் ஒரு மனிதரின் பல பக்கங்களைத் தோராயமாகத்தான் காட்டும், மற்ற விஷயங்களையும் பார்க்க வேண்டும் என்று ஹிர்ஷ் தன் பேப்பரிலேயே எழுதிவைத்திருக்கிறார். இயற்பியலைவிட உயிரியலில் இந்த எண் கூடுதலாக வரும் என்றும் சொல்லியிருக்கிறார். நாமோ கல்லூரி விருதுக்குக் கணிதத்துறை ஆளையும் பயோடெக் ஆளையும் ஒரே பட்டியலில் போட்டு வரிசைப்படுத்துகிறோம். கணிதக்காரர் பாவம். கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மூன்று சைட்டேஷன் தரவுத்தளங்களும் ஒரே ஆளுக்கு மூன்று எண் காட்டும். படிவத்தில் எதிலிருந்து எடுக்க வேண்டும் என்றுகூட இருக்காது. விவரம் தெரிந்தவர் பெரிய எண்ணைப் போடுவார், அப்பாவி சின்னதைப் போடுவார்.

கூட்டு இம்பாக்ட் ஃபேக்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஒரு ஜர்னலின் சராசரி: முந்தைய இரண்டு ஆண்டுகளில் அதில் வந்தவற்றுக்கு இந்த ஆண்டில் எத்தனை சைட்டேஷன் கிடைத்தது என்பதை, அந்த இரண்டு ஆண்டுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தது. யூஜின் கார்ஃபீல்டும் அவர் கூட்டாளிகளும் 1960-களில் தங்கள் சைட்டேஷன் அட்டவணைக்கு எந்தெந்த ஜர்னல்களை எடுத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுக்கப் பயன்படுத்திய கணக்கு. ஒரு ஜர்னலில் நாலைந்து பேப்பர் ஓஹோவென்று ஓடினால் சராசரி ஏறிவிடும், மீதிப் பேப்பர்களை யாரும் சீண்டாமல் இருந்தாலும். அந்தச் சராசரிகளைக் கூட்டி ஒரு ஆளின் தலையில் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. அந்தக் கட்டத்தையாவது இன்றைக்கே அடித்துவிடுங்கள்.

சைட்டேஷனுக்கு வருகிறேன். என் துறையில் எதற்குச் சைட்டேஷன் குவிகிறது என்று பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். 2014-இல் நேச்சர் இதழ் அதுவரை அதிக சைட்டேஷன் வாங்கிய 100 பேப்பர்களைப் பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலுக்குள் நுழையவே 12,000-க்கு மேல் வேண்டியிருந்தது. முதலிடம், புரதத்தின் அளவைக் கண்டுபிடிக்க ஆலிவர் லோரியும் சகாக்களும் 1951-இல் எழுதிய செய்முறை. அதற்கு 3 லட்சத்துக்கு மேல். இரண்டாவது 1970-இல் வந்த, புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் லெம்லியின் ஜெல். மூன்றாவது 1976-இல் பிராட்ஃபோர்டின் நீலச் சாயம், அதுவும் புரதம் அளக்கத்தான். நான்காவது 1977-இல் சாங்கர் குழுவின் டிஎன்ஏ வரிசை படிக்கும் முறை. ஐந்தாவது 1987-இல் வந்த ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் முறை. டிஎன்ஏ இரட்டைச் சுருளை உலகத்துக்குச் சொன்ன 1953-ஆம் ஆண்டு வாட்சன், கிரிக் பேப்பர் அந்த நூறிலேயே இல்லை.

இந்த ஐந்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. இவை இல்லாமல் எங்கள் லேப் ஒரு நாள் ஓடாது. ஆனால் தன் பேப்பர் பெரிய பேப்பர் ஒன்றும் இல்லை என்பது எனக்கே தெரியும் என்று லோரியே பின்னாளில் எழுதினார், அந்தப் புகழில் உள்ளூரச் சந்தோஷம்தான் என்றும் ஒப்புக்கொண்டார். லெம்லியின் கதை இன்னும் சுவாரசியம். அந்தப் பேப்பரின் தலைப்பில் ஜெல் என்ற சொல்லே கிடையாது. பாக்டீரியாவைத் தாக்கும் டி4 என்ற வைரஸின் தலைப்பகுதி எப்படிப் பூட்டப்படுகிறது, அப்போது அதன் புரதங்கள் எப்படி வெட்டுப்படுகின்றன என்பதுதான் அவர் ஆராய்ந்தது. அதற்காக அவர் கையாண்ட ஜெல் முறையைத்தான் உலகமே எடுத்துக்கொண்டது. எங்கள் ஸ்காலர்கள் (ஆய்வு மாணவர்கள்) ஜெல்லை ஊற்றி, சீப்பைச் செருகி, நீல முன்கோடு அடிவரைக்கும் இறங்குகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, அவர்களில் டி4 வைரஸின் தலையைப் பற்றி அந்தப் பேப்பர் என்ன சொன்னது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பேப்பரைத் திறக்காமலே சைட் செய்கிறார்கள். முன்னால் எழுதியவரின் மேற்கோள் பட்டியலிலிருந்து அப்படியே காப்பி. அதுவும் ஒரு சைட்டேஷன்தான், அவர் கணக்கில் ஏறிவிடும்.

ஆக, சைட்டேஷன் என்பது இன்னொருவர் தன் பேப்பரை எழுதும்போது இது தேவைப்பட்டது என்பதற்கான தடயம். அதற்கு மேல் அதிலிருந்து எடுக்க வேண்டுமானால் சைட் செய்தவரின் பேப்பரைத் திறந்து, அந்த வாக்கியத்தைப் படிக்க வேண்டும். பெரும்பாலும் முன்னுரையின் இரண்டாவது வரியில், "இது குறித்துப் பல ஆய்வுகள் நடந்துள்ளன" என்று சொல்லி, அடைப்புக்குறிக்குள் 12 முதல் 27 வரை என்று போட்டிருப்பார்கள். நம் ஆள் அந்தப் பதினாறு பேரில் ஒருவர். எப்போதாவது ஒருமுறை, "இவர்கள் கண்டதை எங்கள் லேபிலும் செய்து பார்த்தோம், அப்படியே வந்தது" என்று ஒரு வாக்கியம் இருக்கும். அந்த ஒன்று, முந்தைய மாதிரி ஐம்பதுக்குச் சமம். கூகுள் ஸ்காலர் இரண்டையும் ஒன்று, ஒன்று என்றுதான் எண்ணும்.

எண்ணிக்கை குறைவு என்று ஒதுக்கினால் யாரை இழப்போம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெயர் இருக்கிறது. சம்பு நாத் டே. கொல்கத்தாவில் இருந்துகொண்டு, காலரா கிருமி ஒரு நச்சை வெளியிடுகிறது, அந்த நச்சுதான் குடலிலிருந்து தண்ணீரை இறைக்கிறது என்று முயல் குடலில் செய்து காட்டினார். 1959-இல் நேச்சரில் வந்தது. பெரிய ஆய்வுக்கூடமோ பெரிய குழுவோ இல்லை. உலகம் அதைச் சட்டென்று கண்டுகொள்ளவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்தப் பேப்பருக்கு மவுசு வந்தது. 1978-இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். நோபல் வாங்கிய அமெரிக்க உயிரியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை நோபலுக்கே பரிந்துரைத்தார். ஆனால் உயிரோடு இருந்தவரை நம் நாட்டு அறிவியல் கழகம் ஒன்றுகூட அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1985-இல் இறந்துபோனார். மறு ஆண்டு அவரைப் பற்றி விரிவாகக் கட்டுரை எழுதியவர் யார் தெரியுமா? சைட்டேஷன் கணக்கைத் தொடங்கிவைத்த அதே கார்ஃபீல்டு. நம் நாடு கண்டுகொள்ளாத ஆளைத் தேடிப் போய் எழுதும் மனசு அவருக்கு இருந்தது.

இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும், அந்த மரக்காணத்துப் பெண்ணுக்காக. ஸ்பெயினில் அலிகாந்தே பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ மொஹிகா. அவரும் உப்பள ஆள்தான். சாந்தா போலா என்ற ஊரின் உப்பளத்து நுண்ணுயிரில், ஒரே டிஎன்ஏ துண்டு இடைவெளி விட்டு இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தார். அதைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிடந்தார். நடுவில் இருக்கும் துண்டுகள் வைரஸ்களிலிருந்து வந்தவை, இது பாக்டீரியாவின் நோய் எதிர்ப்பு ஏற்பாடு என்று 2003-இல் அவருக்குப் புரிந்துவிட்டது. பெரிய ஜர்னல்கள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பின. 2005-இல்தான் ஒரு சின்ன ஜர்னலில் அச்சானது. அதுதான் இன்று எல்லோரும் பேசும் கிரிஸ்பர். 2020-இல், மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கத்தரிக்காக இரண்டு பெண் விஞ்ஞானிகள் வேதியியல் நோபல் வாங்கினார்கள். 2003-இல் மொஹிகா நம் போர்டின் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தால் நாம் போனைத் திறந்து என்ன கேட்டிருப்போம்?

இதெல்லாம் பெரிய ஊர்க் கதை, நம் ஊருக்கு என்ன என்று கேட்பவர்கள் செம்மண்டலம் பக்கம் போய்ப் பாருங்கள். கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம் கொடுத்த கோக 671 என்ற ரகம் சீக்கிரம் முதிர்ந்து சர்க்கரை அதிகம் கட்டும் ரகம். தமிழ்நாட்டைத் தாண்டி மகாராஷ்டிரா, குஜராத் வரை போனது. பிறகு தென்னிந்தியாவில் பெரும்பரப்பைப் பிடித்த கோ 86032 இருக்கிறதே, அதன் பெற்றோரில் ஒன்று இந்தக் கோக 671. ஆலைக்குப் போகிற லாரியில் ஏறும் கரும்புக்குச் சைட்டேஷன் கிடையாது. அந்த ரகத்தைத் தேர்ந்தெடுத்த மனிதர்கள் இன்று நம் படிவத்தை நிரப்பினால் எந்தக் கட்டத்தில் அதை எழுதுவார்கள்?

புதுச்சேரி இந்திரா நகரில் 1975 முதல் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. டெங்கு கொசுவான ஏடிஸ் எகிப்தியில் வோல்பேக்கியா என்ற பாக்டீரியாவை நிலைநிறுத்தி இரண்டு கொசு வகைகளை உருவாக்கிவிட்டோம் என்று 2022-இல் அறிவித்தார்கள். வோல்பேக்கியா இருந்தால் கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருகுவது குறையும். வோல்பேக்கியா உள்ள ஆண், அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. கேட்க இரண்டு வரி. செய்ய எத்தனை தலைமுறைக் கொசு வளர்க்க வேண்டும்! வெளிநாட்டுக் கொசுவை உள்ளூர்க் கொசுவோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் பிசிஆர் போட்டு பாக்டீரியா இருக்கிறதா, போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மாதிரி ஒரு திட்டத்தில் ஐந்து வருடம் உழைத்த ஸ்காலர் ஒருவர், ஆறாவது பெயராக ஒரு பேப்பரோடு நம் போர்டுக்கு வருவார். ஐந்து வருடத்தில் ஒன்றா என்று நாம் உதட்டைப் பிதுக்குவோம்.

இப்போது வழக்கமான பதில் வரும்: யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி அப்படித்தானே? அதையும் பார்த்துவிடுவோம். ஆசிரியரின் பணிகளுக்கெல்லாம் எண் போட 2010-இல் கொண்டுவந்த ஏபிஐ மதிப்பெண் முறைதான் இந்த எண் வியாதியை ஊர் முழுக்கப் பரப்பியது, மறுக்கவில்லை. 2018 விதிமுறையில் அது போய்விட்டது. உதவிப் பேராசிரியர் பதவிக்கான அட்டவணையில் ஒரு பேப்பருக்கு 2 மதிப்பெண், அதற்கும் உச்சவரம்பு உண்டு. அந்த அட்டவணையில் எச்-இண்டெக்ஸ் இல்லை, சைட்டேஷனும் இல்லை. அதைவிட முக்கியமானது அடியில் இருக்கும் குறிப்பு: இந்த மதிப்பெண்கள் நேர்காணலுக்கு அழைப்பவர்களைச் சுருக்குவதற்கு மட்டும்தான், தேர்வு நேர்காணலில் காட்டும் திறனை வைத்து மட்டுமே. அதாவது, நாம் போனைத் திறந்து பார்ப்பதை யாரும் நம்மைச் செய்யச் சொல்லவில்லை. இணைப் பேராசிரியர், பேராசிரியர் பதவிகளுக்கான ஆராய்ச்சி மதிப்பெண்ணில் இம்பாக்ட் ஃபேக்டர் படிகள் இருக்கின்றன என்பது உண்மை. அந்தச் சண்டை வேறு, இன்றைக்கு அது வேண்டாம்.

2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறையில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஜர்னலில் பேப்பர் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் எடுத்துவிட்டார்கள். 2025 பிப்ரவரியில், ஏற்கத்தக்க ஜர்னல்கள் எவை என்று சொல்லிவந்த யூஜிசி-கேர் பட்டியலையும் நிறுத்திவிட்டு, ஜர்னலின் தரத்தைப் பார்த்துக்கொள்வது இனி அந்தந்த நிறுவனத்தின் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். பந்து நம் பக்கம் வந்து கிடக்கிறது. பழைய பட்டியலின் பிரிண்ட் அவுட்டை இன்னும் அலுவலக பீரோவில் வைத்துக்கொண்டு சரிபார்க்கும் கல்லூரிகளை நானே பார்த்திருக்கிறேன்.

நான் மதிக்கும் ஒரு எதிர்வாதம் இருக்கிறது. ஒரு மூத்த நண்பர், கடலூர்க்காரர், என்னிடம் சொன்னார்: "தம்பி, எண் இருக்கிறதாலதான் எங்க பிள்ளைங்க உள்ளே வந்தாங்க. எண்ணை எடுத்துட்டீங்கன்னா சிபாரிசு வரும், சாதி வரும், பெட்டி வரும். பேப்பரைப் படிச்சேன், பிடிக்கலைன்னு ஒருத்தர் சொன்னா யார் கேள்வி கேட்கிறது?" இது வெறும் பேச்சு இல்லை. நம் ஊரில் தேர்வு எப்படி நடந்துவந்தது என்பதை அறிந்தவர் யாரும் இதைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்த எண் இன்று யார் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். பெரிய லேபில் சேர்ந்தவருக்குக் கைடின் பெயரால் சைட்டேஷன் தானாக வரும். தேவனாம்பட்டினத்திலிருந்தோ பரங்கிப்பேட்டையிலிருந்தோ முதல் தலைமுறையாகப் படித்து வந்து, பழுதான சென்ட்ரிஃபியூஜை மாதக்கணக்கில் பழுதுபார்க்கச் சொல்லிக் காத்திருந்த பிள்ளைக்கு அது வராது. பல ஜர்னல்களில் எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி ஒரு பேப்பர் போட ஒரு லட்சத்துக்கு மேல் கட்டணம். அது யாரால் முடியும்? அதோடு, எண்ணையே விலைக்கு விற்கிறார்கள். "ஸ்கோபஸ் இண்டெக்ஸ்டு, மூன்றாவது ஆதர் இடம் காலி" என்று வாட்ஸ்அப்பில் வருவதை உங்களில் பார்க்காதவர் உண்டா? ஹிந்தாவி என்ற பதிப்பகம் 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட பேப்பர்களைத் திரும்பப் பெற்றது, பெரும்பாலும் இந்த மாதிரி, காசுக்குப் போலி ஆய்வுப் பேப்பர் தயாரிக்கும் 'பேப்பர் ஆலை'களின் சரக்கு. பெட்டி வரும் என்று என் நண்பர் பயந்தார். பெட்டி ஏற்கெனவே வந்துவிட்டது, நம் மேஜைக்கு வராமல் வேறு மேஜைக்குப் போகிறது, அவ்வளவுதான்.

அவர் பயத்துக்கு மருந்து, காரணத்தை எழுதிவைப்பது. எந்த இரண்டு பேப்பரைப் படித்தோம், அதைப் பற்றி என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி. குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், விண்ணப்பித்தவர் கேட்டால் காட்ட வேண்டும். எச்-இண்டெக்ஸ் மூன்று என்று சொல்லி ஒருவரை அனுப்புவது சுலபம். அவர் பேப்பரில் இன்ன படத்தில் கன்ட்ரோல் இல்லை, கேட்டதற்குப் பதில் இல்லை என்று கையெழுத்துப் போட்டு எழுத வேண்டுமென்றால், வேண்டாத ஆளைத் தள்ளவும் வேண்டிய ஆளைச் சேர்க்கவும் கை கொஞ்சம் நடுங்கும்.

செப்டம்பர் வந்தால் தொடங்கும் இன்னொரு திருவிழாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அறிவித்த உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்" என்று சாலையெங்கும் பிளெக்ஸ் வைக்கிறோம். ஸ்டான்ஃபோர்டில் வேலை செய்யும் ஜான் அயோனிடிஸும் சகாக்களும் ஸ்கோபஸ் தரவிலிருந்து ஒரு சூத்திரத்தை வைத்துக் கணக்கிட்டு வெளியிடும் பட்டியல் அது. யாரும் உட்கார்ந்து நம் பேராசிரியரின் ஆராய்ச்சியைப் படித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. வாழ்நாள் பட்டியல் ஒன்று, ஒரே ஆண்டுக்கான பட்டியல் ஒன்று என இரண்டு உண்டு. பிளெக்ஸில் எது என்று போடுவதில்லை. ஆனால் அதிலும் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. தனியாக எழுதியது, முதல் பெயராக எழுதியது, கடைசிப் பெயராக எழுதியது என்று பிரித்துப் பார்க்கிறார்கள், தன்னைத் தானே சைட் செய்ததை நீக்கிய கணக்கையும் தருகிறார்கள். நம் படிவம் அந்த அளவுக்குக்கூட யோசித்ததில்லை. பட்டியலில் வந்தவர்களுக்கு என் வாழ்த்து, மாலை போடுங்கள். தேர்வுக் கோப்புக்குள் மட்டும் கொண்டுவர வேண்டாம்.

ஐந்து பேப்பர் போதுமா என்று கேட்பீர்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று வீட்டில் சொல்கிறோமே, இங்கே ஐந்து சோறு கேட்கிறேன். சின்னப் பிள்ளைகளிடம் ஐந்து இருக்காது. இரண்டு இருந்தால் இரண்டு, அதோடு லேப் நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தேதி போட்ட, அடித்துத் திருத்திய, ஜெல் படம் ஒட்டிய நோட்டு ஒன்றைப் பத்து நிமிடம் புரட்டினால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிய மரபணு வரிசைகள், பாதுகாத்துவைத்த நுண்ணுயிர் வகைகள், மருத்துவமனைக்கோ உழவருக்கோ செய்து கொடுத்த பரிசோதனை முறை, எல்லாவற்றுக்கும் படிவத்தில் ஒரு இடம் விடுங்கள். வேறு துறை உறுப்பினர்கள் பேப்பரின் தொழில்நுட்பம் புரியவில்லையே என்று தயங்க வேண்டாம். "இதில் எந்தப் படம் நீங்கள் செய்தது? அது தப்பாக இருந்தால் எப்படித் தெரிந்திருக்கும்?" என்று கேட்க உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை.

அமெரிக்க செல் உயிரியல் சங்கத்தின் கூட்டத்தில் 2012 டிசம்பரில் சில ஆய்வாளர்களும் ஜர்னல் ஆசிரியர்களும் சேர்ந்து, ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஆளை எடை போடாதீர்கள் என்று சான் பிரான்சிஸ்கோ பிரகடனத்தை எழுதினார்கள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. நம் வட்டாரத்துக் கல்லூரிகளும் போடலாம், காசு கேட்பதில்லை. போட்டுவிட்டு அதே படிவத்தை வைத்துக்கொண்டிருந்தால் பிரயோசனமில்லை என்பதால்தான் நான் படிவத்திலிருந்து தொடங்குகிறேன்.

அடுத்த நேர்காணல்களுக்கு எனக்கு அழைப்பு அனுப்புகிறவர்களுக்கு: விண்ணப்பதாரர்களின் பேப்பர்களை ஒரு வாரம் முன்பே மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். பத்துப் பேர் என்றாலும் படித்துவிடுவேன். நேர்காணல் நாள் காலையில் மேஜை மேல் எக்செல் தாளை மட்டும் வைத்துக் காத்திருக்கும் குழுவுக்கு, இந்தக் கல்வியாண்டிலிருந்து நான் வருவதாக இல்லை.

இப்படிக்கு,
மூலக்கூறு உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
புதுச்சேரி